கையால் இழுத்த ஆக்சிலேட்டர்

மலைப்பாதையில் பைக் நின்றபோது அம்சா உடனே இறங்கவில்லை. எதையாவது வேடிக்கை பார்க்க நிறுத்தியிருப்பான் என்று நினைத்தாள். சொந்த ஊரான ஓரிக்கையை விட்டுக் கிளம்பியதிலிருந்தே புருஷன் சிட்டிபாபுவுக்கு அது பழக்கம். ஒட்டகத்தைப் பார்த்து நிறுத்துவான். கோதுமை மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்து நிறுத்துவான். ஒருமுறை நடு நெடுஞ்சாலையில் நிறுத்தி, "பாருமே, இங்கயும் நம்மூரு மாதிரி எருமதான்," என்றான்.

"இன்னாய்யா, ஒண்ணுக்கா?" என்று முதுகைத் தட்டினாள்.

அவன் வலது கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான். அது பொம்மை வண்டிக் கைப்பிடி போலச் சும்மா சுற்றியது.

"அறுந்துட்ச்சி."

"எது?"

"ஆக்சிலேட்டர் வயரு."

அம்சா இறங்கினாள். ஒரு பக்கம் மண்மலை, செடி கொடி எதுவும் இல்லாமல் மொட்டையாக நின்றது. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். அடியில் ஆறு ஒரு சாம்பல் நிற நூலாகக் கிடந்தது. காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை.

இந்த வண்டி அவர்களுடையது இல்லை. மகள் திரிஷாவுடையது. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கினாள். சிவப்பு நிறம். தலைக்கவசம் போட்டுக்கொண்டு அவள் தெருவில் போனால் நாய்கூட வழிவிடும். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி" என்று கேட்டவர்களிடம் சிட்டிபாபு, "சின்ன வண்டி விக்கறவன் லீவுபா," என்பான். காலையில் தறியில் உட்காரும் முன்பு, மகளுக்குத் தெரியாமல் அதைத் துடைத்தும் வைப்பான்.

அப்புறம் அவள் தோர்ஜேயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதே கம்பெனியில் வேலை செய்த பையன், பனிமலைக்காரன். சுத்தமாகத் தமிழ் பேசினான், சாம்பாரில் இட்லியை ஊறவைத்துச் சாப்பிட்டான். அம்சாவுக்குப் பிடித்துவிட்டது. சிட்டிபாபு மட்டும் எழுந்து நின்று, எனக்கு மகளே இல்லை என்றான். திரிஷா வண்டிச் சாவியைத் தறி மேல் வைத்துவிட்டுப் போனாள். ரெண்டு பேரும் தோர்ஜேயின் ஊருக்கே போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு, பட்டாணி போட்டு, ஆப்பிள் போட்டுப் பிழைத்தார்கள்.

தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வண்டி வீட்டோரம் கிடந்தது. சிட்டிபாபு அதை விற்கவுமில்லை, தொடவுமில்லை. இந்தப் புரட்டாசியில் ஒரு சேலை நெய்து அறுத்து முடித்து, தறியில் அடுத்த பாவு நூல் ஏற்றுவதற்கு முன்னால், தார்ப்பாயை உருவி எறிந்தான்.

"அவ வண்டிய அவகிட்ட குடுத்துட்டு வந்துடலாம்," என்றான், சுவரைப் பார்த்து.

"ரயில்ல பார்சல் போட்டா போய்டாதா?"

"ரயில்காரன் ஒடச்சிடுவான்."

அம்சாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் சிரித்திருந்தால் தார்ப்பாய் மறுபடி வண்டி மேல் ஏறியிருக்கும். உள்ளே போய் மகள் விட்டுப்போன சுடிதாரை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் போட்டுப் பார்த்தாள். திரிஷாவோடு அவள் அவ்வப்போது போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஊர்ப்பெயர், வழி எல்லாம் தெரியும். ஆனால் இப்போது கிளம்பி வருவதைச் சொல்லவில்லை. வேலூரைத் தாண்டுவதற்குள் இந்த மனுசன் வண்டியைத் திருப்பிவிட்டால்? பெண் ரெண்டாவது முறை அழ வேண்டாம் என்று நினைத்தாள்.

அவன் திருப்பவில்லை. பெட்ரோல் பங்க்கிலும் சத்திரத்திலும் படுத்து எழுந்து இந்தியாவையே ஏறிக் கடந்துவிட்டான். இன்னும் ஒரு பள்ளத்தாக்குத் தூரத்தில் மகள் வீடு. இங்கே வந்து அறுந்திருக்கிறது.

"நல்லாதான ஓடிச்சி, எப்டி அறும்?" என்றாள்.

"ரெண்டு நாளா டைட்டா இருந்துச்சிமே. திருகனா திரும்பி வரல. நானும் எண்ண விட்டுக்கினேதான் இருக்கறேன்."

"இன்னா எண்ண?"

அவன் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தான். அம்சா அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு மாதிரி உறைந்து கிடந்தது.

"தேங்காண்ணையா?"

"தறியில எது இறுகினாலும் இதான ஊத்தறோம்?"

"அது ஓரிக்கைய்யா! இங்க மூக்குல தண்ணி வந்தாகூட கட்டியாயிடும். இதப் போய் வயருக்குள்ள ஊத்தி இருக்கிற. டைட்டாச்சின்னு மேல மேல ஊத்தி இருக்கிற!"

சிட்டிபாபு புட்டியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். வெயில் இருந்தது, சூடு இல்லை.

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதமே," என்றான்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. ஆப்பிள் பெட்டிகள் ஏற்றிய லாரி. ஓட்டி வந்தவர் மப்ளரை முகத்தில் சுற்றிய வயசாளி. தானாகவே நிறுத்தி இறங்கி வந்து வண்டியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், நம்பர் பலகையைப் பார்த்தார். "தமில்நாட்?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் வண்டியைக் காட்டி, லாரியின் பின்பக்கத்தைக் காட்டி, கீழே கை நீட்டினார். "நீச்சே. மெக்கானிக். நீச்சே."

அம்சாவுக்கு இந்தி தெரியாது. இது புரிந்தது. கீழே டவுனில் மெக்கானிக் இருக்கிறான், ஏற்றிக்கொண்டு போய் விடுகிறேன் என்கிறார். நல்ல மனிதர்.

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் அவளுக்குத் திக்கென்றது. கவலைப்படுகிறவன் முகமா அது? பரீட்சைக்குப் பயந்த பையனுக்கு மழை லீவு விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மறுபேச்சில்லாமல் வண்டியில் கட்டியிருந்த பையின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"இன்னா பண்ற?"

"நல்ல வேள, ஆளு வந்தாரு. கீழ போயி ரிப்பேர் பண்ணிக்கினு..."

"பண்ணிக்கினு?"

"பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்' அம்சாவுக்கு நன்றாகத் தெரியும். கூரைக்கு ஓடு மாற்றலாம் என்றபோது வந்த பாக்கலாம். திருமுக்கூடல் கோயிலுக்கு ஒருநாள் போய்வரலாம் என்று அவள் கேட்டுக்கேட்டு ஓய்ந்த பாக்கலாம். இந்த லாரியில் வண்டி ஏறினால் டவுனில் இறங்கும், டவுனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும், அங்கிருந்து ரயில் பார்சலுக்குப் போகும். இந்த மனுசன் இன்னொரு தரம் இந்த மலையில் ஏறமாட்டான். சாமி வந்து கூப்பிட்டாலும் ஏறமாட்டான்.

அவள் போய்ச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வர்ல. நீ போ."

"வெளாடாதமே. பாவம், அவரு நிக்கறாரு."

"நீ போய்யா. நான் நடந்து போறேன் எம்பொண்ணு வூட்டுக்கு."

"இந்தக் குளிர்லயா? மூச்சே வாங்குது இங்க. பத்தடி நடந்துடுவியா நீ?"

"பத்தடி நடந்து செத்தன்னா, அம்மா பத்தடி பக்கத்துல வந்துதான் செத்தான்னு சொல்லு அவகிட்ட. அப்பன் லாரில ஆப்பிள் தின்னுக்கினு போய்ட்டான்னும் சொல்லு."

லாரிக்காரருக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் சண்டை புரிந்தது. எந்த ஊரானாலும் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஒரே ராகம்தானே. மரியாதையாகத் திரும்பி நின்று பீடி பற்ற வைத்தார்.

சிட்டிபாபு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "வண்டி ஓடாதுமே. நான் இன்னா பண்ணட்டும்?"

"வண்டி ஓடலன்னு நிக்கறயா? இல்ல உனுக்குக் கால் நடுங்குதுன்னு நிக்கறயா?"

அவன் காலால் ஒரு கல்லைத் தள்ளினான். கல் பள்ளத்தில் விழுந்து வெகுநேரம் சத்தம் போட்டுக்கொண்டே போனது.

"சரி," என்றாள் அம்சா. "ஓட்டற மாதிரி பண்ண முடிஞ்சா போலாம். முடியலன்னா நானே ஆப்பிள் பொட்டி மேல ஏறி உக்காந்துக்கறேன். சம்மதமா?"

"ஓடாதுன்றேன்."

"சம்மதமான்னு கேட்டேன்."

"சம்மதம்மா தாயே."

அவர்கள் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்ததும் லாரிக்காரரும் வந்து குந்திக்கொண்டார். கைப்பிடிக்குள்ளேதான் கம்பி அறுந்திருந்தது. மிச்சக் கம்பி முழுசாக இருந்தது. மேலுறையிலிருந்து உருவிப் பார்த்தால், கம்பி முழுக்க வெள்ளைக் கொழுப்பு. லாரிக்காரர் அதை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். தேங்காய் வாசனையில் அவர் கண் விரிந்தது.

"நாரியல்?"

அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் மலையே எதிரொலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே லாரிக்குப் போய் ஒரு டப்பாவில் டீசல் கொண்டுவந்தார். மேலுறைக் குழாய்க்குள் ஊற்றி, அலசி, கொழுப்பையெல்லாம் வெளியேற்றினார். கம்பி வழுக்கிக்கொண்டு போய்வந்தது.

கம்பியைப் பிடித்து இழுத்தால் எஞ்சின் உறுமும், விட்டால் அடங்கும். கைப்பிடி இல்லாவிட்டால் என்ன, கையே போதும். சிட்டிபாபு மேலுறையை டேங்க்கை ஒட்டிக் கட்டி, கம்பியின் நுனியை ஒரு ஸ்க்ரூடிரைவரில் சுற்றி இறுக்கினான். வலது கையில் அதைப் பிடித்துக்கொண்டு இடது கையால் மட்டும் ஹேண்டிலைப் பிடித்துத் தனியாக ஓட்டிப் பார்த்தான். ஊர்த் தார்ரோடாக இருந்தால் போயிருக்கும். இங்கே சாலை என்பதே ஜல்லியும் மணலும். முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியதும் ஹேண்டில் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். நல்ல வேளையாக மலைப்பக்கம் விழுந்தான்.

முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, "பாத்தியா?" என்றான். "ஓடாதுன்னு சொன்னேன் இல்ல?"

அம்சா வண்டியிடம் போனாள். கட்டியிருந்த மேலுறையை அவிழ்த்துப் பின்னால் இழுத்து, சீட்டுக்குக் கீழே இருந்த இரும்போடு வைத்து, துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். கம்பி நுனி இப்போது பின்னால் உட்காருகிறவள் கைக்கு எட்டியது.

"ஏறு. நான் இழுக்கறேன். நீ ரெண்டு கையாலயும் ஓட்டு."

"உனுக்கு எப்டித் தெரியும் எப்ப இழுக்கணும், எப்ப வுடணும்னு? கிளட்ச் புடிக்கறப்ப நீ இழுத்தன்னா வண்டி கத்தும். வுடறப்ப நீ இழுக்கலன்னா நின்னுடும்."

"நமக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் இன்னா பண்ணிக்கினு இருக்கறேன்?"

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். அதை நெய்ய ஓர் ஆள் போதாது. நெய்கிறவன் உடலுக்கு நூல் சுற்றிய நாடா எறிய, பக்கத்தில் உட்கார்ந்தவர் கரைக்கு எறிய வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் கரையும் உடலும் சேரும் இடத்தில் பல் இளிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அம்சா நிறையப் பல் இளிக்க வைத்திருக்கிறாள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் தறி மட்டும் நின்றதில்லை. பேச்சு எதற்கு? மிதியில் கால் வைக்கும் முன்னால் சிட்டிபாபுவின் இடது தோள் லேசாக இறங்கும். அம்சா அந்தத் தோளைப் பார்ப்பாள்.

ஆனால் தறி ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தின் ஓரமாக ஓடாது.

முதல் தடவை அவள் அதிகமாக இழுத்துவிட்டாள். வண்டி குதிரை மாதிரி முன்னால் எகிறியது. லாரிக்காரர் "அரே அரே" என்று ஓடிவந்தார். ரெண்டாவது தடவை இழுக்கவே பயந்தாள், நின்றுவிட்டது. அடுத்த தடவை கம்பி நழுவி விரலைக் கீறியது.

"வலிக்குதா?" என்றான் முன்னாலிருந்து.

"வாய மூடிக்கினு ஓட்டு."

அப்புறம் அவள் சாலையைப் பார்ப்பதை விட்டாள். பள்ளத்தையும் பார்க்கவில்லை. ஜெர்க்கின் போட்ட அந்த இடது தோளை மட்டும் பார்த்தாள். தோள் இறங்கியது, கம்பியை விட்டாள். கியர் விழுந்தது. தோள் ஏறியது, மெதுவாக இழுத்தாள். வண்டி நகர்ந்தது. ஓடியது. வளைவில் திரும்பியது.

பின்னாலிருந்து லாரிக்காரர் ஹாரனை அழுத்தி, விடாமல் அடித்தார். கல்யாண ஊர்வலத்துக்கு அடிப்பது போல. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கீழே இறங்கிப் போய்விட்டது.

வழியில் ஓர் இடத்தில் மலையிலிருந்து ஓடை இறங்கிச் சாலையைக் குறுக்கே கடந்தது. அடியில் உருண்டைக் கல். சிட்டிபாபு நிறுத்தினான்.

"நடுவுல வுட்டுடாதமே. வுட்டன்னா ரெண்டு பேரும் ஐஸ் வாட்டர்ல."

"நீ நடுவுல கிளட்ச் புடிக்காத. நீ புடிச்சா நான் வுட்டுடுவேன். என் கை அப்டியே பழகிட்ச்சி."

"சரி, புடிக்கல."

ஓடை செருப்புக்குள் ஏறி முழங்காலைக் கடித்தது. பாதியில் சக்கரம் ஒரு கல்லில் தடுக்கி வண்டி சாய்ந்தது. அவன் தோள் துடித்ததை அம்சா பார்த்தாள். கிளட்ச்சைப் பிடிக்கத் துடிக்கிறது. பிடிக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபடியே இருந்தாள். முன்சக்கரம் மறுகரையில் ஏறியதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். என்ன கத்தினோம் என்று ரெண்டு பேருக்கும் தெரியாது.

சாயங்கால வெயில் மலையுச்சியில் மட்டும் மிச்சமிருந்தபோது ஊர் தெரிந்தது. மேட்டின் மேல் வெள்ளை அடித்த சில வீடுகள், கூரையில் காயவைத்த புல், மஞ்சளாகிப்போன மரங்கள். அந்த மேட்டுக்கு ஒரே ஒரு மண்பாதை. பாதை ஆரம்பிக்கும் இடத்தில் சிட்டிபாபுவின் தோள் இறங்கியது. அம்சா கம்பியை விட்டாள். வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

அவன் இறங்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"இதானா?"

"இதான்."

"அவ கதவ சாத்திட்டா?"

அம்சாவின் கையில் கம்பி இருந்தது. ஓர் இழு இழுத்து எஞ்சினை உறுமவிட்டால் போதும், சத்தம் கேட்டு மகள் வந்துவிடுவாள், இந்த மனுசன் வேறு வழியில்லாமல் மேலே போயாக வேண்டும். அந்த நினைப்பு அவளுக்கு வந்தது. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப் போயிருந்தன. இந்த ஓர் இடத்தில் மட்டும் அவனாக வர வேண்டும்.

"சாத்தனா வெளிய உக்காந்துக்கலாம்," என்றாள். "நம்மகிட்டதான் ஸ்வெட்டர் இருக்குது."

வெகுநேரம் அவன் ஹேண்டிலைத் தடவிக்கொண்டிருந்தான். மேலே எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அப்புறம் அவன் இடது கை கிளட்ச்சுக்குப் போனது. தோள் இறங்கியது. கியர் விழுந்த சத்தம் கேட்டது.

"இழுமே," என்றான்.

அவள் இழுத்தாள்.

பாதி மேட்டில் காற்றுப் போதாமல் வண்டி இருமி இருமி அணைந்துவிட்டது. சிட்டிபாபு உதைத்து உதைத்துப் பார்த்தான். அதற்குள் மேலே ஒரு வீட்டுக் கதவு திறந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கீழே பார்த்தாள். இந்த மலையில் எத்தனையோ பேர் பைக்கில் வருவார்கள். இப்படிச் சிவப்பு வண்டியில், சுடிதாருக்கு மேல் ஆம்பிளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

திரிஷா ஓடிவந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். கரியும் ரத்தமும் டீசலும் சேர்ந்த கை. அவள் உதடு கோணியது. ஆனால் அழாமல் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"கேபிள் எங்க?"

"உங்கம்மாதான் கேபிளு," என்றான் சிட்டிபாபு.  சாவியை எடுத்து நீட்டினான்.  

திரிஷா சாவியை வாங்கவில்லை. அந்தக் கையை அப்படியே பிடித்துத் தன் தொப்பியில் வைத்து அழுத்திக்கொண்டாள். 

"லூசாப்பா நீ?" என்றாள். "இதுல வந்தா இருக்கற? இவ்ளோ தூரம்?"

"ரயில்காரன் ஒடச்சிடுவான்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். சாவியை வாங்கிக்கொண்டாள். வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து உதைத்தாள். அவளுக்கு ஒரே உதையில் கிளம்பியது.

"அம்மா, ஏறு. வூட்டாண்ட போய்டலாம். நீ நடந்து வாப்பா, மூணு பேரை இது தாங்காது."

அம்சா ஏறிக் கம்பியைப் பிடித்தாள். வண்டி எகிறி நின்றது. மறுபடி உதை, மறுபடி எகிறல்.

"சொல்லிட்டு இழும்மா!"

"சொல்லிட்டுப் புடிடீ!"

பின்னால் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த சிட்டிபாபு கையை ஆட்டிக் கத்தினான். "தோளப் பாருமே! தோள!"

அம்சா பார்த்தாள். மகளின் கம்பளிச் சட்டைக்குள் இடது தோள் லேசாக இறங்கியது. அவள் கம்பியை விட்டாள். தோள் ஏறியது. மெல்ல இழுத்தாள். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. வாசலில் தோர்ஜே கையில் கரண்டியோடு வந்து நின்று, "அத்தே, பிரேக் புடிக்கச் சொல்லுங்க, பட்டாணிப் பாத்தி!" என்று கத்திக்கொண்டிருந்தான்.